முதல் மூன்று வெற்றிகளுக்குப் பிறகு: கல்லூரிக் கால்பந்து அணியின் பருவத்தை எப்படிக் கணிப்பது?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு கல்லூரி அணி பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன நடக்கும் என்பது அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தெரியும். வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் பறக்கும். கல்லூரி முதல்வர் அணியை அழைத்துக் கைகொடுப்பார். அதுவரை மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்பார்கள். நான்காவது ஆட்டம் டை-பிரேக்கரில் கைநழுவினால் அதே வேகத்தில் பேச்சு அடங்கிவிடும். அடுத்த ஆகஸ்டு வரை அந்த அணியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

முதல் வெற்றிகள் ஓர் அணியைப் பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன, பருவம் முழுவதையும் கணிக்க அவை போதுமா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. சென்னைப் பெயர் தாங்கிய இரண்டு பெரிய அணிகளின் அனுபவத்தையும், எளிய கணக்கையும், மேற்குப் புறநகர்க் கல்லூரிகளின் நடைமுறையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. நல்ல தொடக்கத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு பலன் தருவதற்குப் போதுமான ஆட்டங்கள் பின்னால் இருக்க வேண்டும். நம் கல்லூரி அணிகளுக்குக் கிடைக்காதது அதுதான்.

தொடக்கமே கைகொடுத்த கதை

நல்ல தொடக்கம் கோப்பையில் போய் முடிந்ததற்குத் தமிழ்நாட்டின் ஆகச் சிறந்த சாட்சி சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் அவர்கள் ஆடிய களம் கோவை நேரு ஸ்டேடியம். 2017-18 ஐ-லீக்கில் பட்டியலின் கீழ்ப்பகுதியில் முடித்த அணி அது. அடுத்த பருவத்தை அவர்கள் தொடங்கும்போது, கோப்பைக்குப் போட்டியிடும் அணி என்று யாரும் சொல்லவில்லை.

2018 அக்டோபர் 26 அன்று முதல் ஆட்டம். இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். பெத்ரோ மான்சி ஹாட்ரிக் அடித்தார். நவம்பரில் கொல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று வீழ்த்தினார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைத் தரையில் வைத்து, சிறு பாஸ்களாகக் கட்டிக் கொண்டுபோகும் ஆட்டத்தைப் பழக்கியிருந்தார். மான்சி, நெஸ்தர், சாந்த்ரோ ஆகியோர் முன்களத்தில் இருந்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் வாரந்தோறும் ஆடினார்கள்.

பருவத்தின் கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று கதை உச்சத்துக்கு வந்தது. கோவையில் மினர்வா பஞ்சாப் அணி மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்து முன்னிலை பெற்றது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே சென்னை தோற்று அங்கே ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். முதல் பாதி முழுக்க சென்னை பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார். பிறகு பின்களத்தில் ஆடும் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். அதில் இரண்டாவது கூடுதல் நேரத்தில் வந்தது. 3-1. ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தை வென்றிருந்தது, ஆனால் பயனில்லை. 20 ஆட்டங்களில் சென்னைக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

இந்த ஒரு புள்ளியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மார்ச் மாதத்துப் பதற்றத்தில் கோப்பையைக் காப்பாற்றிக் கொடுத்தது அக்டோபர், நவம்பரில் சேர்த்த புள்ளிகள்தான். கொல்கத்தாவில் எடுத்த அந்த மூன்று புள்ளிகள் இல்லாமல் போயிருந்தால், போராவின் இரண்டு கோல்களாலும் ஒன்றும் ஆகியிருக்காது. லீக் முறையில் தொடக்க வெற்றிக்கும் இறுதி வெற்றிக்கும் ஒரே விலை. முன்னால் சேர்த்தது கடைசி நாள் வரை கணக்கில் நிற்கும்.

தொடக்கம் பொய்த்த கதைகள்

இரண்டாவது அணியான சென்னையின் எஃப்.சி.யின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்தில் அவர்கள் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். பிரேசிலின் எலானோ 8 கோல்கள் அடித்தார். அரையிறுதியில் கொச்சிக்குப் போய் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3 என்று தோற்றார்கள். சென்னையில் நடந்த மறு ஆட்டத்தில் உயிரைக் கொடுத்து ஆடி 3-1 என்று வென்றும், மொத்தக் கணக்கில் 3-4 என்று வெளியேறினார்கள். இரண்டு மாதத்து உழைப்பு ஒரு மாலையில் கரைந்தது.

2015-இல் நேர் எதிராக நடந்தது. பருவத்தின் பெரும்பகுதி தடுமாறி, பட்டியலின் அடிமட்டம் வரை இறங்கிய அணி, கடைசி 4 லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்தா ஸ்டேடியத்தில் எஃப்.சி. கோவாவை 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது பின்தங்கியிருந்த அணி அது. ஸ்டீவன் மெண்டோசா 13 கோல்களோடு அந்தப் பருவத்தின் அதிக கோல் அடித்தவர் ஆனார்.

2017-18-இல் முதல் ஆட்டத்தையே சொந்த மண்ணில் கோவாவிடம் 2-3 என்று தோற்றுத் தொடங்கினார்கள். அந்தத் தோல்வியோடு அணியை எழுதித் தள்ளியவர்கள் 2018 மார்ச் 17 அன்று ஏமாந்தார்கள். பெங்களூரு எஃப்.சி.யை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று இரண்டாவது முறை கோப்பை வென்றது சென்னையின். மறு பருவத்தில் அதே பயிற்சியாளர் ஜான் கிரெகரி, ஏறக்குறைய அதே அணி. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்துக் கடைசி இடம். 2019-20-இல் முதல் 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. கிரெகரி விலக, ஓவன் கோய்ல் வந்தார். அதே வீரர்கள் எழுந்து இறுதிப் போட்டி வரை போய், 2020 மார்ச்சில் ரசிகர்களே இல்லாத மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றார்கள்.

இங்கிலாந்திலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. 2008-இல் முதன்முறையாக முதல் நிலை லீக்குக்கு வந்த ஹல் சிட்டி, அர்செனலையும் டாட்டன்ஹாமையும் அவரவர் மைதானத்திலேயே வென்று, முதல் 9 ஆட்டங்களில் 20 புள்ளிகள் குவித்தது. பருவ முடிவில் அதன் மொத்தப் புள்ளிகள் 35. மீதி 29 ஆட்டங்களில் கிடைத்தவை 15 மட்டுமே. ஆனாலும் ஒரே ஒரு புள்ளியில் கீழிறக்கத்திலிருந்து தப்பியது. தொடக்கத்தில் சேர்த்த அந்த 20 புள்ளிகள் இல்லையென்றால் தப்பியிருக்காது. சரிந்த அணியையும் நல்ல தொடக்கம் காப்பாற்றியது என்பதுதான் அந்தக் கதையின் பாடம்.

கணக்கு சொல்வது என்ன?

கணிப்பு ஏன் இவ்வளவு தவறுகிறது? கால்பந்தில் கோல்கள் குறைவு. ஓர் ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்துச் சராசரியாக மூன்றுக்குள்தான் விழும். கோல் எண்ணிக்கை குறைவான ஆட்டத்தில் தற்செயலுக்கு இடம் அதிகம். கம்பத்தில் பட்டு உள்ளே போன பந்து, நடுவர் கொடுத்த ஒரு பெனால்டி, கோல்கீப்பர் கைநழுவவிட்ட ஒரு கார்னர். இவற்றில் ஒன்று போதும், முடிவு மாறிவிடும்.

எளிய கணக்கு ஒன்று. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல சரிபாதி வாய்ப்புள்ள சாதாரண அணி, முதல் மூன்றையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு எட்டில் ஒன்று. 16 கல்லூரிகள் ஆடும் நாக்-அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 16-உம் சம பலம் என்றே வைத்தாலும் மூன்று சுற்று முடிந்ததும் மூன்று வெற்றியோடு இரண்டு அணிகள் இறுதிப் போட்டியில் நிற்கத்தான் செய்யும். அவர்கள் மற்றவர்களைவிடச் சிறந்தவர்கள் என்பதற்கு அது மட்டும் சான்றாகாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உண்மையிலேயே நல்ல அணி ஒன்று. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 70 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து சுற்று நாக்-அவுட்டில் அது கோப்பையை வெல்லும் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடு, அதாவது ஆறில் ஒன்று. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து மண்டலத்தின் சிறந்த அணியாக இருந்தாலும் சராசரியாக ஒரு முறைதான் கோப்பை கைக்கு வரும். ஆனால் ஒரு கல்லூரி மாணவனுக்குக் கிடைப்பது மூன்று ஆண்டுகள், மிஞ்சினால் நான்கு. அதே அணி 14 ஆட்டங்கள் கொண்ட லீக்கில் ஆடினால் சராசரியாக 10 ஆட்டங்களை வெல்லும். மேலிடத்துக்கு வந்தே தீரும் என்று சொல்லலாம். ஆட்டங்கள் கூடக்கூடத் தற்செயல் கழிந்து திறமை மிஞ்சும்.

தொடக்கத்தை எப்படிப் படிக்க வேண்டும்?

அப்படியானால் முதல் மூன்று வெற்றிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஸ்கோரைத் தள்ளி வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தால் அவை நிறையச் சொல்லும். பயிற்சியாளர்கள் பார்ப்பது இவற்றைத்தான்.

முதலாவது, எதிரணி யார்? தொடக்கச் சுற்றுகளில் வருவது பெரும்பாலும் அவசரத்தில் சேர்த்த அணிகள். பதினோரு பேரைத் தேற்றவே திணறும் கல்லூரிகள் உண்டு. அவர்களை 6-0 என்று வென்றதைவிட, ஆண்டுதோறும் மண்டலங்களுக்கு இடையிலான இன்டர்-ஜோன் போட்டி வரை போகும் கல்லூரியை 1-0 என்று வென்றது பெரிய செய்தி. தலைக்கவசம் போட்டு ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வேறு ஆட்டம்தான் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் கற்கலாம். கோப்பைச் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு, வெற்றி எண்ணிக்கையோடு எதிரணிகளின் பலத்தையும் எடைபோடுகிறது. 2014-இல் ஒஹாயோ ஸ்டேட் தன் இரண்டாவது ஆட்டத்தையே சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் தோற்றது. அப்படியும் தேர்வாகி சாம்பியன் ஆனது.

இரண்டாவது, கோல் எப்படி வந்தது? இருபது ஷாட்டில் ஒன்பது கோல் அடித்த அணியைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரணமாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல்தான் விழும். அந்த விகிதம் தானாகவே கீழே வரும். அதற்கு மாறாக, பழக்கிய வழியில் திரும்பத் திரும்ப வரும் கோல்களை நம்பலாம். சென்னையின் வென்ற 2018 இறுதிப் போட்டியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரை முன்னிலைக்குக் கொண்டுபோனார். அதன்பின் சென்னையின் அடித்த முதல் இரண்டு கோல்களும் கார்னரிலிருந்து வந்தவை; இரண்டையும் தலையால் முட்டி உள்ளே தள்ளியவர் பின்களத்து மெயில்சன் ஆல்வெஸ். ஒரே ஆளுக்கு, ஒரே வகைப் பந்து, ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை. இது பயிற்சி மைதானத்தில் நூறு முறை ஆடிப் பார்த்தது. ஒரு கல்லூரி அணி முதல் மூன்று ஆட்டங்களில் கார்னரிலும் ஃப்ரீ-கிக்கிலும் ஒழுங்கு காட்டினால், நான்காவது ஆட்டத்திலும் அது கைகொடுக்கும்.

மூன்றாவது, பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கல்லூரி அணிகளில் பதினோரு பேருக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும். நடுக்களத்தின் அச்சாணியாக ஆடுபவன் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டால் அணியே உட்கார்ந்துவிடும். முன்னிலை வந்தபிறகு மாற்று வீரர்களை இறக்கி அவர்களுக்கும் ஆட்டப் பழக்கம் கொடுத்த அணியா, கடைசி விசில்வரை அதே பதினோரு பேரை ஓடவிட்ட அணியா என்று பார்த்தால் பருவத்தின் பின்பாதி எப்படி இருக்கும் என்று தெரியும்.

நான்காவது, பின்தங்கியபோது என்ன செய்தார்கள்? மூன்று ஆட்டத்திலும் முதலில் கோல் அடித்தே வென்ற அணிக்குச் சோதனை இன்னும் வரவில்லை. மினர்வாவுக்கு எதிராக மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிய சென்னை சிட்டி, இரண்டாம் பாதியில் மூன்று கோல் அடித்துத் திரும்பி வந்தது. ஓர் அணியின் தரம் அந்த மாதிரி வேளையில்தான் வெளிப்படுகிறது.

மழையும் தேர்வும் ஓ.டி.யும்

இவை எந்த ஊர் அணிக்கும் பொருந்தும். சென்னையின் மேற்குப் புறநகருக்கே உரிய காரணங்களும் இருக்கின்றன.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நன்றாகத் தொடங்கும் அணி, அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழையைச் சந்திக்கிறது. டிசம்பர் வரை அது விடாது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் ஏரிகளை ஒட்டிய தாழ்வான நிலம் அதிகம். இரண்டு நாள் அடித்துப் பெய்தால் மண் மைதானத்தில் ஒரு வாரம் கால் வைக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்ட 2015 டிசம்பரில் தொழில்முறை அணியான சென்னையினுக்கே சொந்த ஊர் இல்லாமல் போயிற்று. அட்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு எதிரான தன் 'சொந்த மைதான' அரையிறுதியைப் புனேயில் ஆடி 3-0 என்று வென்றது. கல்லூரி அணிக்குப் புனே கிடைக்காது. பயிற்சி நின்றுபோகும். தரையில் பாஸ் ஆடிப் பழகிய அணி, சேறு தேங்கிய மைதானத்தில் தன் பலத்தை இழந்து, பந்தைத் தூக்கி அடிக்கும் அணியிடம் தோற்கும். ஆகவே முதல் வெற்றிகள் காய்ந்த மைதானத்தில் வந்தவையா, ஈர மைதானத்தில் வந்தவையா என்பதும் கணிப்பில் சேர வேண்டும்.

அடுத்தது கல்லூரி நாட்காட்டி. நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு. அதற்கு முன் இன்டர்னல். பருவம் தீவிரமாகும் வேளையில்தான் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பிளேஸ்மென்ட் இன்டர்வியூக்கள் வரிசைகட்டி வருகின்றன. அணியின் கேப்டனும் கோல்கீப்பரும் இறுதியாண்டு என்றால், அரையிறுதி நாளன்று அவர்கள் டை கட்டிக்கொண்டு கருத்தரங்க அறையில் காத்திருக்க நேரலாம். குடும்பத்தின் கடன் தலைக்குமேல் நிற்கும் பையனிடம் ஆட்டத்தைத் தேர்ந்தெடு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, சொல்லவும் கூடாது. முதலாண்டு மாணவர்களோ கவுன்சிலிங் முடிந்து தாமதமாகத்தான் வந்து சேர்கிறார்கள். அவர்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த நல்ல ஆட்டக்காரர் ஒருவர் இருந்தாலும் அணியோடு பழக மாதம் ஒன்று ஆகும். ஆகஸ்டில் ஆடும் அணியும் நவம்பரில் ஆடும் அணியும் ஒரே அணி அல்ல.

மூன்றாவது ஓ.டி., அதாவது 'ஆன் டியூட்டி' அனுமதி. ஆட்டத்துக்குப் போன நாட்களை வருகையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கல்லூரியில் மாணவன் நிம்மதியாக ஆடுவான். துறைத் தலைவரின் கையெழுத்துக்காக வராந்தாவில் மணிக்கணக்கில் நிற்கவைக்கும் கல்லூரியில், அட்டெண்டன்ஸ் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடுமோ என்ற பயத்தோடுதான் மைதானத்துக்கு வருவான். அணியின் வாய்ப்பைக் கணிக்க விரும்புபவர் அந்தக் கல்லூரியின் ஓ.டி. நடைமுறையை விசாரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பக்கத்துக் கல்லூரி, வேறு பாதை

மேற்குப் புறநகரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கால்பந்துக்கும் வேர் உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக் குடியிருப்பு, அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொஞ்சம் கிழக்கே பெரம்பூர் ஐ.சி.எஃப். என்று தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. வேலை முடிந்து மாலையில் மைதானத்துக்குப் போகும் பழக்கம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்த பகுதி. வியாசர்பாடியின் தெருக்களிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2018-இல் கோப்பை வென்ற சென்னையின் அணியில் நடுக்களம் காத்தார் என்பதும் வடசென்னையிலும் வேரூன்றிய இதே உழைக்கும் மக்கள் பண்பாட்டின் தொடர்ச்சிதான்.

ஆனால் போட்டி அமைப்பைப் பாருங்கள். பட்டாபிராமில் இருக்கும் இந்துக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அது ஆடுவது அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளோடு. பூந்தமல்லி அருகே இருக்கும் பனிமலர் போன்ற பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டிகளில் ஆடுகின்றன. ஆவடி வேல்டெக், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் சவீதா, மதுரவாயல் எம்.ஜி.ஆர். ஆகியவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவற்றின் அணிகள் நேராகத் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். பஸ்ஸில் அரை மணி, ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கல்லூரிகள் அதிகாரபூர்வப் போட்டியில் சந்தித்துக்கொள்ள வழி மிகக் குறைவு.

அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு இருப்பது நல்ல விஷயம். பல்கலைக்கழக வேலிகளைத் தாண்டிக் கல்லூரிகளைச் சேர்க்கும் மேடை அது. ஆனால் அங்கே மாவட்ட எல்லை குறுக்கே வருகிறது. 2018-இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது அம்பத்தூரும் மதுரவாயலும் சென்னைக்குள் வந்துவிட்டன. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அம்பத்தூர் கல்லூரியும் ஆவடிக் கல்லூரியும் மாவட்டச் சுற்றில் மோத முடியாது.

இதன் விளைவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சாதாரணக் கல்லூரி அணிக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சில நாக்-அவுட் ஆட்டங்கள். முதல் சுற்றிலேயே தோற்றால் அந்தப் போட்டி அன்றோடு முடிந்தது. காலையில் ஆடித் தோற்று மாலை கல்லூரி பஸ்ஸில் திரும்பும் அணிக்கு, செய்த பிழையைத் திருத்திக்காட்ட அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. சென்னை சிட்டிக்கு 20 ஆட்டங்கள் இருந்தன. 2015-இல் அடிமட்டத்தில் கிடந்த சென்னையினுக்கு எழுந்து நிற்க 14 ஆட்டங்கள் இருந்தன. நம் பிள்ளைகளுக்கு அந்த அவகாசமே கொடுக்கப்படவில்லை.

இந்த அவகாசம் கிடைத்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னைக் கால்பந்து சங்கத்தின் லீக்கில் ஹிந்துஸ்தான் பல்கலைக்கழகத்தின் ஈகிள்ஸ் அணி ஆடியது. வங்கி, ரயில்வே அணிகளின் அனுபவசாலிகளோடு கல்லூரி வயதுப் பையன்கள் மோதிப் பழகினார்கள். அந்த அணியில் ஆடிய சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், சென்னை சிட்டி வழியாக மேலே போய், 2023 ஆகஸ்டில் டுராண்டு கோப்பையின் கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றிக் கோலை அடித்தார். திறமை அவருடையது. அதைத் தீட்டிக்கொள்ள வழி கொடுத்தது லீக்.

முடிவும் வேண்டுகோளும்

ஆகவே, முதல் மூன்று ஆட்டங்களை வென்ற மேற்குப் புறநகர்க் கல்லூரி அணியின் வாய்ப்பு என்ன என்று கேட்டால் என் விடை இது. வலுவான எதிரணி ஒன்றையாவது வென்றிருந்து, பழக்கிய வழியில் கோல் வந்திருந்து, பெஞ்சில் நம்பத்தக்க மூன்று பேர் இருந்து, கல்லூரி ஓ.டி.யில் கஞ்சத்தனம் காட்டாமல் இருந்தால் அந்த அணி மண்டல அரையிறுதியைத் தொடும் என்று தயங்காமல் எதிர்பார்க்கலாம். கோப்பை என்பதோ, ஐந்து சுற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆறில் ஒரு வாய்ப்பு. கிடைக்காமல் போனால் அந்தப் பிள்ளைகளைத் தோற்றவர்கள் என்று சொல்வது அநியாயம். ஆறில் ஐந்து முறை கைநழுவும் பரிசை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல், பூந்தமல்லி வட்டாரத்தின் எட்டுக் கல்லூரிகள் கைகோத்தால் போதும். ஒருவரோடு ஒருவர் ஒரு முறை ஆடினால் அணிக்கு 7 ஆட்டங்கள், மொத்தம் 28. ஆகஸ்டு முதல் வாரம் தொடங்கி வாரத்துக்கு ஒரு சுற்று என்று ஏழே சனிக்கிழமைகளில், மழைக்கு முன்பே முடித்துவிடலாம். மார்ச்சுக்குள் மறு சுற்று ஆடினால் அணிக்கு 14. மைதானங்கள் கல்லூரிகளிடமே இருக்கின்றன. பஸ்ஸும் இருக்கிறது. நடுவர்களை மாவட்டக் கால்பந்து சங்கங்களிடம் கேட்டுப் பெறலாம். பல்கலைக்கழகம் எது, மாவட்டம் எது என்ற கேள்வியே இதில் எழாது. பெண்கள் அணிகளுக்கும் இதே அட்டவணையை வைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனவர்கள். 2023-இல் மீண்டும் அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்தவர்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறை இந்தக் கல்லூரிகளில்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

கல்லூரி முதல்வர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அணி முதல் மூன்று ஆட்டங்களை வென்று வந்தால் சால்வை போர்த்துங்கள், படம் எடுங்கள். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். அன்று மாலையே பக்கத்துக் கல்லூரிக்கு ஒரு போன் போட்டு நான்காவது, ஐந்தாவது, ஆறாவது ஆட்டத்துக்கு நாள் குறியுங்கள். வருகிற ஆகஸ்டுக்கு அட்டவணை போட இப்போதே உட்கார்ந்தால் நேரம் சரியாக இருக்கும்.